புளியங்கொட்டைப் படை

கொலுப் படிகள் பெரியவர்களுடையவை. கலசமும் மரப்பாச்சியும் தசாவதாரமும் எந்தப் படியில் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்பதைப் பாட்டி யாரையும் கேட்காமல் முடிவு செய்வாள். படிகளுக்கு முன்னால் தரையில் போடும் பார்க் மட்டும் பிள்ளைகளுக்கு. மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் எல்லா வீட்டுப் பார்க்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் குளத்துக்கு ஒரு முகக்கண்ணாடி, சுற்றிலும் மணல், தகர மூடியில் முளைவிட்ட கேழ்வரகு, ஓரத்தில் அட்டையில் செய்த ரயில்வே ஸ்டேஷன். 1972 நவராத்திரிக்குக் குளமும் வேண்டாம், ஸ்டேஷனும் வேண்டாம், பாராசூட் படை இறங்குவதைப் போடுவோம் என்றான் அண்ணன்.

முந்தைய டிசம்பரில் வங்கதேசப் போர் நடந்த நாட்களில் எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி எந்நேரமும் யாராவது இருப்பார்கள். டிசம்பர் 11ஆம் தேதி மாலை, டாக்காவுக்கு வடமேற்கே டாங்காயில் என்ற ஊரை ஒட்டி இந்திய ராணுவத்தின் 2ஆவது பாராசூட் பட்டாலியன் வானிலிருந்து குதித்தது. வடக்கே ஜமால்பூர், மைமன்சிங் பக்கமிருந்து டாக்காவை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்த பாகிஸ்தானின் 93ஆவது பிரிகேடை வழிமறிப்பது திட்டம். அதற்கு லோஹாஜங் ஆற்றின் மேலிருந்த பூங்லி பாலம் கைக்கு வர வேண்டும். லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னுவின் தலைமையில் இறங்கியவர்கள் அன்றிரவே பாலத்தைப் பிடித்தார்கள். மறுநாள் மாலை தரைவழியாக வந்த மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி அவர்களோடு சேர்ந்துகொண்டது. 16ஆம் தேதி காலையில் டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் படையும் இதே பட்டாலியன்தான்.

இந்த விவரமெல்லாம் வளர்ந்த பிறகு படித்தவை. அன்று எங்களிடம் இருந்தது பத்திரிகையிலிருந்து அண்ணன் கத்தரித்து அட்லஸுக்குள் வைத்திருந்த ஒரு படம் மட்டும். வானம் கொள்ளாமல் பாராசூட்கள். மேலே இருந்தவை புள்ளிகளாகவும் கீழே வந்தவை குடைகளாகவும் தெரிந்தன. எத்தனை என்று எண்ணப் பார்த்து, மசி கலங்கிய மூலையில் எப்போதும் விட்டுவிடுவேன். அந்தப் படத்தை அப்படியே பார்க்கில் கொண்டுவர வேண்டும்.

சிப்பாய்கள் வாங்க மூர் மார்க்கெட்டுக்குப் போனோம். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பெரியவர் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பார். உடைந்த கடிகாரம், பீங்கான் கைப்பிடி, இங்கிலீஷ் சீட்டுக்கட்டு ஆகியவற்றுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டின் நிறைய ஈயச் சிப்பாய்கள் இருந்தன. ஊரைவிட்டுப் போன ஏதோ ஒரு வெள்ளைக்கார வீட்டுச் சாமான். சிவப்புக் கோட்டு, கரடித்தோல் தொப்பி, சிலருக்குக் குட்டைப் பாவாடை. கையில் எடுத்தால் கனத்தார்கள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அண்ணன் ஒருவனை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவனைக் கட்டித் தொங்கவிட்டா நூல் அறுந்துடும்" என்று திரும்ப டின்னில் போட்டான். பெரியவர் எங்களைப் பார்த்த பார்வை மாறியது. விளையாட வந்தவர்கள் அல்ல என்று நினைத்திருப்பார்.

ஆகவே பச்சைப் பிளாஸ்டிக். சைனா பஜாரில் ஒரு ஃபேன்சி கடையில் கண்ணாடி ஜாடியில் போட்டு எண்ணிக்கைக்கு விற்றார்கள். ஒருவனை ஒருவன் மிதித்துக் குவிந்து கிடந்தவர்களில் நின்று சுடுபவன், மண்டியிட்டுச் சுடுபவன், படுத்துச் சுடுபவன், கையெறிகுண்டை ஓங்கியவன், பைனாகுலர்காரன், வயர்லெஸ்காரன் என்று பல தினுசு. பெரும்பாலும் சுடுபவர்களாகப் பொறுக்கினோம். காசுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர்களை எதிர்வீட்டு சுபேதார் மாமாவிடம் காட்டினோம். மதராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பர்மாப் போரில் டக்கோட்டா விமானங்கள் பாராசூட்டில் அரிசி மூட்டையும் குண்டுப் பெட்டியும் போட்டதைக் கண்ணால் பார்த்தவர். திண்ணையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார்.

"இவங்க எங்கே நிக்கப்போறாங்க?"

"ஆகாசத்துல, மாமா."

"ஆகாசத்துல தொங்கறவன் எவனாவது சுடுவானாடா? ரெண்டு கையும் மேலே வாரைப் பிடிச்சிருக்கும். அந்த நேரத்துல அவனை யார் வேணும்னாலும் சுடலாம். அவன் யாரையும் சுட முடியாது."

பிறகு விளக்கினார். விமானத்துக்குள் தலைக்குமேல் ஒரு கம்பி ஓடும். ஒவ்வொருவன் முதுகிலிருந்தும் வரும் பட்டையை அந்தக் கம்பியில் மாட்டிக்கொள்வார்கள். குதித்தவுடன் பட்டை இழுபட்டுப் பாராசூட் தானாக விரியும். கையால் இழுக்க வேண்டியதில்லை. காற்றில் இருக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே தாழப் பறந்து போடுவார்கள். இறங்கியவன் வயலில் தனியாள். நாலாபக்கமும் சிதறிக் கிடப்பவர்கள் ஒன்று கூடிய பிறகுதான் அது பட்டாலியன். "இறங்கறவன், கூடறவன், சண்டை போடறவன்னு மூணு கும்பல் வேணும்டா உங்களுக்கு" என்றார்.

மறுபடி சைனா பஜார். இந்த முறை ஜாடியைக் கவிழ்த்துத் தேடினோம். முதலில் கண்ணில் படாத ஒருவன் அகப்பட்டான். ஆற்றைக் கடப்பவன்போல் துப்பாக்கியை இரு கைகளாலும் தலைக்குமேல் குறுக்காகத் தூக்கிப் பிடித்தவன். அவனை யாரும் வாங்குவதில்லை; சண்டை விளையாட்டில் அவனால் என்ன பயன்? எங்களுக்கு அவனைப்போல் யாரும் உதவவில்லை. துப்பாக்கியின் இரு நுனியிலும் நூலைக் கட்டினால் சாயாமல் நேராகத் தொங்கினான். தூரத்திலிருந்து பார்த்தால் வாரைப் பிடித்துத் தொங்குகிற மாதிரியே இருந்தது. ஜாடியிலிருந்த அவன் தினுசையெல்லாம் எடுத்துக்கொண்டு, நின்று சுடுபவர்களில் பாதியைக் கொடுத்து மாற்றினோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவருக்கு விற்காத சரக்கு போயிற்று.

கூடுகிறவர்களுக்கு வயர்லெஸ்காரனும் பைனாகுலர்காரனும் போதும் என்றான் அண்ணன். சண்டைக்காரர்கள் பாலத்தருகே. மண்டியிட்டவன் பாலத்தின் இந்த முனையில், படுத்தவன் கரை மறைவில், குண்டு வீசுபவன் சாலை வளைவில். தொங்குகிறவர்களின் காலடித் தட்டைப் பழைய பிளேடால் அறுத்தெடுத்தோம். தட்டோடு தொங்கினால் பலகையோடு குதித்தவன்போல் இருந்தது. பாராசூட்டுக்கு அப்பாவின் நைந்த மல் வேட்டியைத் தட்டு வைத்து வட்டமாக வெட்டிக் கஞ்சியில் நனைத்து, கவிழ்த்த கிண்ணங்களின் மேல் உலர்த்தினோம். காய்ந்து எடுத்ததும் ஒவ்வொன்றும் காற்றடைத்ததுபோல் விறைத்து நின்றது. மேல்படியிலிருந்து ஜன்னல் கம்பிவரை சாய்வாக நூல்கள் கட்டி அவற்றில் மாட்டினோம்.

மாட்டிவிட்டுப் பின்வாங்கிப் பார்த்தபோது மனசு சப்பென்று ஆகிவிட்டது. அத்தனை பெரிய வானத்தில் ஏழெட்டுப் பேர். படத்தில் இருந்ததில் கால்வாசிக்கால்கூட இல்லை. வேட்டித்துணி எவ்வளவோ மிச்சம் இருந்தது. ஆள் வாங்கத்தான் காசில்லை. அப்போது சமையலறையில் பாட்டி புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போய் ஒரு கைப்பிடி அள்ளி வந்தான். சின்னச் சின்னக் குடைகள் வெட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஆளுக்குப் பதில் ஒரு புளியங்கொட்டையை நூலில் சுற்றிக் கட்டி, பின்வரிசை நூல்களில் உயரத்தில் தொங்கவிட்டோம். முன்னால் நிஜ ஆட்கள், பின்னால் கொட்டைகள். வாசற்படியில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஜன்னல் காற்றில் எல்லாம் சேர்ந்து ஆடியபோது வானம் நிரம்பிவிட்டது.

பாட்டி ஒரு நிபந்தனை போட்டாள். பார்க்குக்கென்று அவள் வைத்திருந்த களிமண் பொம்மைகளையும் வைத்தாக வேண்டும். கட்டை வண்டிக்காரன், தலையில் கூடை சுமக்கும் காய்கறிக்காரி, ஏர் உழுகிறவன், குழந்தையை இடுப்பில் வைத்த குறத்தி. "வருஷா வருஷம் வைக்கிறது. உங்க சண்டைக்காக அதுகளைப் பெட்டிக்குள்ளயே போட முடியாது." எங்களுக்கு அழுகை வந்தது. சிப்பாய்கள் கட்டைவிரல் அளவு. காய்கறிக்காரி ஒரு சாண். அவள் பக்கத்தில் நின்றால் பட்டாலியன் எறும்புக் கூட்டமாகிவிடும். வேறு வழியில்லாமல் பெரிய பொம்மைகளைப் பார்ப்பவர் பக்கமாக முன் ஓரத்தில் வைத்து, படையைத் தள்ளிப் பின்னால் கொண்டுபோனோம். அப்படி வைத்ததும் அளவுகள் தாமாகச் சரியாகிவிட்டன. ஊர்க்காரர்கள் அருகில் பெரிதாக நின்றார்கள். சிப்பாய்கள் தூர வயலில் சிறிதாக இறங்கினார்கள்.

சுண்டலுக்கு வந்தவர்கள் எல்லோரும் எங்கள் பார்க்கில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றார்கள். "அம்மாடி, எத்தனை பேருடா!" என்றாள் அத்தை. யாரும் எண்ணவில்லை. சுபேதார் மாமா மட்டும் குனிந்து பின்வரிசையை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சுண்டல் பொட்டலத்தோடு போனார்.

பல வருஷம் கழித்து ஒரு கட்டுரையில் அந்தப் பத்திரிகைப் படத்தின் கதையைப் படித்தேன். டாங்காயிலில் குதித்தவர்கள் சுமார் 700 பேர். அன்றைய காட்சிக்குப் புகைப்படம் கைவசம் இல்லாததால், ஆக்ராவில் முன்பு நடந்த பாராசூட் பயிற்சியில் எடுத்த படத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததாகப் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்த ஐ. ராமமோகன் ராவ் எழுதியிருக்கிறார். உலகம் முழுவதும் அது வெளியாயிற்று. ஒரு பிரிகேடே, 5,000 பேர், இறங்கிவிட்டார்கள் என்று வெளிநாடுகளில் செய்தி பரவியது. டாக்காவில் இருந்தவர்களின் கலக்கத்துக்கு அதுவும் எண்ணெய் வார்த்தது. இது புதிய தந்திரமும் இல்லை. 1944 ஜூன் 5ஆம் தேதி இரவு, நார்மண்டியில் நிஜப் படை இறங்கிய இடங்களைவிட்டுத் தள்ளி, பிரிட்டிஷ் விமானங்கள் சாக்குத் துணியால் செய்த பொம்மைகளை நூற்றுக்கணக்கில் பாராசூட்டில் போட்டன. ஜெர்மானியப் படைகளைத் தப்பான பக்கம் இழுப்பதற்கு. ஆள் உயரம்கூட இல்லாத பொம்மைகள். இருட்டில் அண்ணாந்து பார்ப்பவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

பின்வரிசையில் புளியங்கொட்டை கட்டியபோது நாங்கள் ராணுவ உத்தி எதையும் யோசிக்கவில்லை. ஆனால் வானிலிருந்து இறங்கும் படைக்கு அதன் துப்பாக்கிகளுக்கு இணையான பலம் பார்ப்பவனின் கண்ணில் இருக்கிறது. கீழே நிற்பவன் எண்ணுவதில்லை. அவன் பயமே கூட்டிப் பெருக்கிக்கொள்கிறது. எண்ணியிருந்தால் அத்தையும் ஏழெட்டுப் பேரைத்தான் கண்டிருப்பாள்.

அந்தப் படத்தில் இல்லாத ஒன்று எங்கள் பார்க்கில் இருந்ததையும் அப்போதுதான் உணர்ந்தேன். டாங்காயிலில் சிதறி இறங்கியவர்கள் பாலத்துக்குப் போய்ச்சேர்ந்ததில் அந்த ஊர் மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வங்கதேச விடுதலைக்குப் போராடிய காதர் சித்திக்கியின் முக்தி வாஹினி வீரர்கள் அந்த வட்டாரத்தைத் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். கிராமத்தார் வயல்களுக்கு ஓடிவந்து குண்டுப் பெட்டிகளைத் தலையில் சுமந்து கொடுத்தார்கள். ஆக்ராப் படத்தில் தரையே தெரியாது, ஊரும் தெரியாது. எங்கள் பார்க்கில் கூடைக்காரியும் வண்டிக்காரனும் படைக்கு முன்னால், படையைவிடப் பெரியவர்களாக நின்றிருந்தார்கள். அந்தப் பெருமை முழுக்கப் பாட்டியைச் சேரும். அவளுக்கு டாங்காயில் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. வருஷா வருஷம் வைக்கிற பொம்மையைப் பெட்டிக்குள் போடக்கூடாது என்று மட்டும் தெரியும்.