மூக்கில் ஏறும் தண்ணீர்



நோன்பு திறக்கையில் முதல் மிடறு தண்ணீர் மூக்கு வழியே திரும்பினால், அவசரமாய்க் குடித்ததால் வந்தது என்று நாம் கடந்து விடுகிறோம். ஒருமுறை என்றால் சரி. மாலைதோறும் நேர்ந்தால் காரணம் தொண்டையில் இல்லாமலும் இருக்கலாம்.

உணவுப் பாதையில் கட்டி இருந்தால் பெரும்பாலும் முதலில் சோறுதான் சிக்கும். நரம்பிலோ தசையிலோ கோளாறு என்றால் தண்ணீரே புரையேறக்கூடும். அத்தகைய நோய்களுள் ஒன்று மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பின் கட்டளையைத் தசையில் வாங்கும் ஏற்பிகளை உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே தாக்குகிறது. வேலை கொடுக்கக் கொடுக்கத் தசை தளரும். ஓய்வில் தெம்பு திரும்பும். இமை தொங்கும், பொருள்கள் இரண்டாகத் தெரியும், பாதிச் சாப்பாட்டில் தாடை சோரும்.

ஓதிக் கொடுப்போர்க்கு இன்னோர் அடையாளமும் புலப்படும். குன்னா மூக்கில் ஒலிக்க வேண்டியதே. ஆனால் நன்றாக ஓதத் தொடங்கியவர் சில வசனங்களுக்குப் பின் எல்லா எழுத்தையும் மூக்கால் சொன்னால், 'பா' 'மீம்' போலக் கேட்டால், தஜ்வீதைத் திருத்தும் முன் மென்னண்ணம் சோர்கிறதா என்று கேட்பதே முறை.

நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1984இல் இந்நோய் கண்டறியப்பட்டது. 'கூலி' படத்தில் இக்பாலாக நடித்து, 1982இல் அதன் படப்பிடிப்பில் அடிபட்டு உயிர் தப்பியவர் (படம் பார்க்கச் சொல்லவில்லை). அதன்பின் எத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார் என்பதை நாடறியும். 1934இல் இங்கிலாந்தில் மேரி வாக்கர் என்ற மருத்துவர் ஃபைசோஸ்டிக்மின் ஊசியால் இத்தளர்ச்சி தற்காலிகமாக நீங்கக் கண்டார். அவ்வழியில் வந்ததே இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை.

அம்மாத்திரையைப் பகலில் பலமுறை விழுங்க வேண்டும். நம் வீடுகளில் சிக்கல் இங்கேதான் எழுகிறது. பெரியவர்கள், குறிப்பாகத் தாய்மார்கள், நோன்பை விட மனமின்றி மாத்திரையை விடுகிறார்கள். மஃக்ரிப் நேரத்தில் விழுங்கும் தசை மிகச் சோர்ந்திருக்கும். உணவு மூச்சுக்குழாயில் இறங்கலாம், மூச்சுத் தசையே தளரலாம். அது உயிராபத்து, விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை பகரா அத்தியாயத்தில் தெளிவாக உள்ளது. குணமாகும் நம்பிக்கை இருந்தால் பின்னர் கழாச் செய்யலாம். தீரா நோய் என்றால் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா உண்டு. சலுகையை ஏற்பதை ஈமானின் குறைவாகப் பேசுவோர், நம் பார்வையில், மார்க்கத்தைக் கடினமாக்குகிறார்கள்.

கீழப்பழுவூர்க்காரர்களுக்கு அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் அருகிலேயே உள்ளது. அங்கு காட்டிவிட்டுத் தேவையெனில் திருச்சியிலோ தஞ்சையிலோ நரம்பியல் மருத்துவரைப் பார்க்கலாம். காய்ச்சல், சளிக்கு வேறிடம் போனாலும் இந்நோயைச் சொல்லிவிட வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இதைக் கூட்டும். காலையில் போகிறவர் மருத்துவர் முன் நன்றாகவே தெரிவார். ஆகவே மாலையில் இமை தொங்குவதையும் பேச்சு மாறுவதையும் கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டு போங்கள்.