ஹால் பெருசா இருக்கா?

ஹவுஸ் ஓனர் மாத முதல் வாரத்தில் போன் செய்தால் வாடகை விஷயம். மூன்றாவது வாரத்தில் செய்தால் வேறு விஷயம். 2025 பிப்ரவரியில் ஒரு காலை, குக்கரின் அடுத்த விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு போன் வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, பையன் பெங்களூர்லேருந்து மாத்திக்கிட்டு வர்றான். ஸ்கூல் லீவு விட்டதும் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். அவசரம் எல்லாம் இல்ல."

அவசரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே மே மாதம் கெடு வைப்பது ஓனர்களுக்கே கைவந்த கலை. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நல்ல மனிதர்தான், மகன் வரத்தானே செய்வான். ஆனால் விசில் வந்தது எனக்குக் கேட்கவில்லை. அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்தது.

குரோம்பேட்டையில் அந்த வீட்டுக்கு 2019 மே மாதம் வந்தோம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் எங்களுக்கு அது ஐந்தாவது வீடு. புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்கிறது அது. நான் வேலை பார்ப்பது ஆடிட்டர் ஆபீஸில். சட்டம் எனக்குத் தெரியும். ஓனர் ஆறு மாத அட்வான்ஸ் கேட்டார், வாயே திறக்காமல் கொடுத்தோம். சட்டம் பேசினால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வீட்டுச் சமையலறையில் கிரைண்டருக்குப் பிளக் பாயிண்ட் கிடையாது. ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துத்தான் மாவாட்ட வேண்டும். ஒரு பாயிண்ட் போட எலெக்ட்ரீஷியன் எண்ணூறு ரூபாய் கேட்டார். அடுத்தவர் சுவருக்கு நாம் எதற்கு எண்ணூறு ரூபாய் செலவழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஆறு வருஷம், வாரத்துக்கு இரண்டு முறை, அந்த ஒயர் காலைத் தடுக்கியது. வாடகை வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஒயர்தான் ஞாபகம் வரும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் கணவர் சொன்னார். "இந்தத் தடவை வாங்கிடலாமா?"

அத்தை, அதாவது என் மாமியார், மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "ஹால் பெருசா இருக்கிறதா பாருங்க."

எந்த வீடு பார்க்கப் போனாலும் அத்தை கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். தண்ணீர் எப்படி, காற்று வருமா, கடை பக்கமா என்றெல்லாம் கேட்க மாட்டார். கொலு வைக்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. ஊரில் கூடத்தில் புழங்கி வளர்ந்தவர், இடம் விசாலமாக வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கக் கிளம்பினோம். நான்காவது ஞாயிறு முடிச்சூரில் ஒரு பிளாட் அமைந்தது. 2012-ல் கட்டியது, 1,050 சதுர அடி, மூன்றாவது மாடி, விலை 60 லட்சம். விற்கிறவர் பத்திர நகல்களை அழகாக ஃபைல் போட்டு வைத்திருந்தார். தாய்ப்பத்திரம், 30 வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் வரிசையாக இருந்தன. 1988-ல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஃபைலின் அருமை தெரியும். பாதி கட்டிய வீட்டின் நிலமே கைவிட்டுப் போவதைப் பார்த்த பயம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. யுடிஎஸ் 480 சதுர அடி என்று போட்டிருந்தது. ஒரு கிரவுண்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் பிரிக்கப்படாத பாகம். எங்கே இருக்கிறது என்று போய்க் காலால் மிதித்துப் பார்க்க முடியாத நிலம்.

ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பழைய பிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். கையிலிருந்து போட வேண்டியது 15 லட்சம். நகையையும் பிஎஃப்பையும் தொட்டால் இந்த 20 லட்சத்து 40 ஆயிரம் தேறும். மீதி 45 லட்சம் கடன். எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதம் 39,052 ரூபாய். அவருக்கு நாற்பது வயது, சரியாக அறுபதில் முடியும். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 31,875. அசலில் கழிவது ஏழாயிரத்துச் சொச்சம். 240 தவணையும் கட்டி முடித்தால் போயிருப்பது 93 லட்சத்து 72 ஆயிரம். வருமான வரியில் சலுகை கிடைக்குமே என்று விற்பவர் சொன்னார். அவர் சொன்னது பழைய வரிமுறை. நாங்கள் புதிய முறைக்கு மாறிவிட்டோம், அதில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஒன்றும் கிடையாது.

வட்டி எட்டரையிலேயே நிற்கும் என்பதற்கும் யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆனது. எங்கள் ஆபீஸில் ஒருவர் 2021-ல் 20 வருஷக் கடன் வாங்கியவர். வங்கி அவர் தவணையைக் கொஞ்சம்தான் ஏற்றியது, பாக்கியை மாதங்களில் சேர்த்துவிட்டது. மூன்று வருஷம் கட்டிய பிறகு ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் மீதித் தவணை 240-க்கு மேல். "வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தார்.

இந்தப் பக்கம் எங்கள் வாடகை 17,000. வருஷம் 5 சதவீதம் ஏறினாலும் அது அந்தத் தவணையை எட்டிப் பிடிக்கப் பதினெட்டு வருஷம் ஆகிவிடும். அதே முடிச்சூர் பிளாட் வாடகைக்குப் போனால் 15,000 கிடைக்கும் என்றார் புரோக்கர். 60 லட்சத்துக்கு வருஷம் ஒரு லட்சத்து எண்பதாயிரம், 3 சதவீதம். பேங்கில் போட்டால்கூட இதைப் போல இரண்டு பங்கு வரும். நோட்டுப்படி, வாங்குகிறவர் ஏமாளி.

என் கணவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சரி, இந்த வித்தியாசம் மாசம் இருபத்திரண்டாயிரம். ஆறு வருஷமா அதைச் சேத்து வச்சிருக்கோமா?"

இல்லை. ஸ்கூல் பீஸ், ஸ்கூட்டர், இரண்டு நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று கரைந்திருந்தது. வாடகையே லாபம் என்று கணக்குப் போடுபவர்கள் அந்த மிச்சத்தை ஒரு மாதம் தவறாமல் முதலீடு செய்வார்கள் என்று வைத்துக்கொண்டுதான் போடுகிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தை ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டுகூட நான் அதிகம் பார்த்ததில்லை. தவணை என்றால் கழுத்தில் கத்தி வைத்தாவது சேமிக்க வைக்கும். அதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

யோசனை கேட்கலாம் என்று விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். திண்டிவனம், கடலூர், பண்ருட்டி என்று மாற்றலாகும் இடமெல்லாம் வாடகை வீட்டில் எங்களை வளர்த்தார். சுவரில் ஆணி அடித்ததற்காகக் கடலூர் ஓனரம்மா அம்மாவைத் தெருவே கேட்கத் திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ரிடையரான பணத்தில் 2009-ல் வீடு கட்டினார், மாடியில் ஒரு போர்ஷனோடு. அந்த மாடிக்கு இதுவரை நான்கு குடித்தனம் மாறிவிட்டது.

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அப்பாவே ஆரம்பித்தார். "மாடியில இருக்கவங்கள காலி பண்ணச் சொல்லியிருக்கேம்மா. அவசரம் எல்லாம் இல்ல, ஸ்கூல் லீவு விட்டதும் பண்ணிக் குடுங்கன்னு சொல்லியிருக்கேன்."

எங்கள் ஓனர் சொன்ன அதே வார்த்தைகள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்லாமலே வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அத்தையையும் முடிச்சூருக்கு அழைத்துப்போனோம். கேட்டுக்குள் நுழைந்ததும் வாட்ச்மேன், கேட்காமலே, காம்பவுண்டு சுவரில் கையை வைத்துக் காட்டினார். என் தோளுக்கு மேலே. "பாஞ்சுல இதுவரைக்கும் நின்னுச்சும்மா." 2015 டிசம்பரில் அடையாறு நிரம்பி முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்த கதை டிவியில் பார்த்ததுதான். விற்பவருக்கு வாட்ச்மேன் மேல் எரிச்சல். "மூணாவது மாடிக்குத் தண்ணி வராதுங்க" என்றார். வராதுதான். ஆனால் பாலும் வராது.

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது அந்தச் சுவர் இல்லை. அத்தை ஹாலைச் சுற்றி வந்தார். பெரிய ஹால்தான், பதினெட்டுக்குப் பன்னிரண்டு இருக்கும். முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் நான்கு பேரும் இடித்துக்கொண்டுதான் நின்றோம். கீழே வந்து கதவு திறந்ததும் வெளியே போகாமல் அத்தை திரும்பி அந்த லிஃப்டை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மாடிப்படி திரும்பும் மூலையைப் பார்த்தார். பிறகு மகனிடம் மெதுவாகக் கேட்டார்.

"இதுல ஸ்ட்ரெச்சர் போவாதுல்ல?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பதினைந்து வருஷமாக ஹால் பெரிசா என்று ஏன் கேட்டார் என்பதும் அந்த நிமிஷம்தான் புரிந்தது.

சென்னையில் வாடகைக்கு இருக்கும் வீடுகளில் வயதானவர்கள் இருந்தால் இந்தப் பேச்சு எப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வராது. ஆஸ்பத்திரியில் உயிர் போனால் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர ஓனர் விடுவாரா? சிலர் விடுவார்கள். சிலர் "மத்த குடித்தனக்காரங்க பயப்படுவாங்க" என்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானத்துக்குப் போனவர்களை எனக்கே தெரியும்.

அதில் ஒரு குடும்பம் விழுப்புரத்தில் அப்பாவின் மாடியில் இருந்தது. அந்தப் பையனின் அம்மா ஜிப்மரில் இறந்தபோது அவன் போனில் கேட்டிருக்கிறான். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. "படி குறுகலா இருக்கே தம்பி, எப்படி ஏத்துவீங்க" என்றாராம். அவன் வைத்துவிட்டான். கீழே எங்கள் ஹால் காலியாகத்தான் கிடந்தது. இதை அம்மா ஒரு தீபாவளிக்கு எல்லோரும் இருக்கும்போது சொன்னாள், அத்தையும் அங்கே உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முடிச்சூரை விட்டுவிட்டோம். 94 லட்சம் கொடுத்து வாங்கினாலும் அத்தையின் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் இல்லை. என் கணவருக்கு இதில் வருத்தம்தான். வேறு எங்காவது கீழ்த்தளமாகப் பார்த்து வாங்கலாம் என்று இன்னும் சொல்கிறார். பார்க்கலாம். மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளிக்கூடம் குரோம்பேட்டையில், ஐந்து வருஷத்துக்கு எங்கேயும் நகர முடியாது என்று நானும் சொல்கிறேன். இருவருமே முழு உண்மையைச் சொல்வதில்லை. அவருக்கு இன்னொரு ஓனரின் போன் வேண்டாம். எனக்கு 240 மாதம் என்ற எண்ணைப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது.

ஏப்ரல் கடைசியில் பம்மலில் ஒரு வீடு பார்த்தோம். கீழ்த்தளம், வாடகை 18,500. மேலே ஓனரம்மா தனியாக இருக்கிறார், அத்தை வயதுதான் இருக்கும். எத்தனை பேர், எங்கே வேலை, தண்ணீர் நிறையச் செலவழிப்பீர்களா, கறி சமைப்பீர்களா என்று வரிசையாகக் கேட்டு முடித்தார். நாங்களும் பரீட்சை எழுதுவது போல் பதில் சொன்னோம். எல்லாம் முடிந்து அவர் சாவியைக் கையில் எடுத்தபோது அத்தை பேசினார்.

"எனக்கு எழுபத்திநாலு ஆவுதும்மா. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இங்க கொண்டாரலாமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு போச்சு என்று நினைத்தேன். அவர் "அம்மா, என்னம்மா இது" என்று அதட்டினார். ஓனரம்மா பதில் சொல்லாமல் ஜன்னல் வழியாக வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் ரிவர்ஸ்ல கேட் வரைக்கும் வரும். எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சு. அந்தச் செடித்தொட்டி ரெண்டை மட்டும் நகத்தணும்."

அத்தை தலையாட்டினார். அப்புறம் இருவரும் அந்தத் தொட்டியில் இருப்பது அடுக்கு நந்தியாவட்டையா ஒற்றையா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அட்வான்ஸ் ஐந்து மாதம் கேட்டார். நான் சட்டமும் பேசவில்லை, பேரமும் பேசவில்லை. சமையலறையில் கிரைண்டருக்கு ஒரு பிளக் பாயிண்ட் எங்கள் செலவிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். போட்டுக்கோ என்றார். எலெக்ட்ரீஷியன் இப்போது ஆயிரத்து இருநூறு கேட்கிறார்.