விட்டத்தில் ஒரு கொக்கி

கோலா தெர்லாவில், அம்மா வீட்டு விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஏணையைப் போன சனிக்கிழமை கழற்றினோம். நான் நாற்காலி மேல் ஏறி ஸ்பிரிங்கைக் கொக்கியிலிருந்து விடுவித்தேன். கீழே அம்மா கைலியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார், உள்ளே பிள்ளை இருப்பதைப் போலவே.

மகளுக்கு நான்கு வயதாகப் போகிறது. வரும் ஜனவரியில் கோலாலம்பூரில் பாலர் பள்ளி. ஏணையில் படுத்தால் இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கழற்ற வேண்டியதுதான். ஆனால் கழற்றும்போது எனக்கு அழுகை வரும் என்று நான் நினைக்கவில்லை. காரணம், அந்த ஏணையை ஆட்டியது நானில்லை.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள். ஆறு மணிக்கு ஒலிபரப்பு என்றால், நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கணவருக்கு ஷிப்ட் வேலை. 98 நாள் பேறுகால விடுப்பு முடிந்ததும் பிள்ளையை மலையில் அம்மாவிடம் விட்டுவிட்டேன். வார இறுதியில் சிம்பாங் பூலாய் வழியாக ஏறிப்போய்ச் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம். நான் ஏணை ஆட்டிய இரவுகளை எண்ணிவிடலாம்.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதல்ல. 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று முதல் கேமரன் மலைத் தேயிலையில் தமிழர் உழைப்பு கலந்திருக்கிறது. பாட்டியும் கொழுந்து பறித்தவர்தான். விடியலில் பெரட்டுக்குப் போகுமுன் அம்மாவை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். அங்கே வரிசையாகத் துணி ஏணைகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆயா. பாட்டி கூடையோடு மலைச்சரிவுக்குப் போனார். நான் ஒலிவாங்கியோடு ஓர் அறைக்குள் போகிறேன்.

“காலையில ரேடியோ போட்டா என் குரல் கேட்டு அவ தூங்குவாளாம்மா?” என்று கைலியை மடித்துக்கொண்டே கேட்டேன். பெருமையாக ஏதாவது சொல்வார் என்ற ஆசை.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆரம்பத்துல போட்டுப் பார்த்தேன். ஒன் கொரல் கேட்டா எந்திரிச்சு வாசலைப் பார்த்து அழுவா. அப்புறம் போடுறதே இல்லைம்மா.”

மூன்று ஆண்டுகளாக என் நிகழ்ச்சியை என் அம்மா கேட்கவில்லை. நான் ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

நடைவண்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். அங்கே ஒரு பேரன் தவழ ஆரம்பித்திருக்கிறான். ஸ்பிரிங்கைக் கொடுக்கவில்லை. மலைப்பனியில் துருப்பிடித்திருந்தது. பழைய ஸ்பிரிங்கை நம்பி இன்னொரு பிள்ளையைப் போடக் கூடாது. குட்டிச் சட்டைகள், தொப்பிகள் எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. கொக்கியையும் பிடுங்கவா என்று கேட்டேன்.

“அது இருக்கட்டும். லீவுல வந்தா பொம்மைக்குக் கட்டச் சொல்லுவா.”

வீட்டை அலங்கோலமாக்கும் குழந்தைச் சாமான்கள் எப்போது ஒழியும் என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். ஒழிந்த பிறகு கூடம் பெரிதாகத்தான் தெரிகிறது. அம்மா அந்தக் கூடத்தின் நடுவில், ஏணைக் கயிற்றுக்காகப் பழகிப்போன இடத்தில், கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

புறப்படும்போது மகள் அந்தக் கைலியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காரில் அவளுடைய குழந்தை இருக்கையின் பட்டையை மேல் துளைக்கு மாற்றினேன். அதற்கு மேல் இனித் துளை இல்லை. கம்போங் ராஜா தாண்டுவதற்குள் கைலியை முகத்தோடு அணைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது கைப்பேசியில் அம்மாவின் குறுஞ்செய்தி: “இன்னிக்கு ரேடியோ போட்டேன்.”