சார், எர்த் எங்கே?



போன ஐப்பசியில் அம்மாவுக்கு ஷாக் அடித்த செய்தி கேட்டு நிறையப் பேர் போன் செய்து விசாரித்தீர்கள். என் மனைவியை நீங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவீர்கள். "ஒன்றுமில்லை, லேசாகத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. வெட்கத்தில் மறைத்தேன். 34 வருடம் இயற்பியல் நடத்தியவன் வீட்டில் நடக்கக் கூடாத தவறு அது. இப்போது சொல்லிவிடுகிறேன். உங்களில் பலர் வீட்டிலும் போர் இருக்கிறது.

அன்று விடியற்காலை நல்ல மழை. கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், தொட்டியில் தண்ணீர் இல்லை என்று ஈரக் கையோடு எழுந்து போய் மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்தினாள். வெறுங்கால். பெட்டி இரும்புத் தகடு. ஒரு அலறல்தான் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லுக்கு ஒரு சாண் தள்ளி மல்லாந்து கிடந்தாள்.

இங்கே இன்னொரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். "ஷாக் அடித்தவரைத் தொடாதே, முதலில் மெயினை அணை" என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு நான் ஓடியது மெயினை நோக்கி அல்ல, அவளை நோக்கி. பெட்டியை விட்டு அவள் கை விலகியிருந்ததால் நானும் தப்பினேன். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்து ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையில் மரமரப்பு ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் காலை வந்தவன் 1998-ஆம் வருடம் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன். பெயரைப் போட்டால் கோபப்படுவான். மின்னியல் பாடத்தில் அவனுக்கு நான் போட்ட மதிப்பெண்ணும் எனக்கு நினைவிருக்கிறது, அதையும் போடவில்லை. இப்போது துறையூர் பக்கம் போர் மோட்டார் ஏற்றி இறக்கும் வேலையில் நல்ல பெயர் எடுத்திருக்கிறான்.

வந்ததும் பெட்டியைத் தொடவில்லை. மெயின் போர்டில் இருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சுவிட்சை அணைச்சா யாராவது தெரியாம போட்டுடுவாங்க சார். இது என் பையில இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றான். பெட்டியைத் திறந்ததும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை முறைப்படி இறக்கினான். பிறகு காரணத்தைக் காட்டினான். ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. தகட்டின் விளிம்பு, மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து ஒயரின் மேலுறையை அறுத்திருக்கிறது. செம்பு தகட்டைத் தொட்டுவிட்டது.

அடுத்து அவன் கேட்டதுதான் தலைப்பு. "சார், எர்த் எங்கே?"

பெட்டியிலிருந்து பச்சை ஒயர் ஒன்று கிளம்பியது உண்மை. இருவரும் அதன் பின்னாலேயே போனோம். சுவரோரம் இறங்கி, செம்பருத்திச் செடிக்குப் பின்னால், எதிலும் சேராமல் சுருட்டிக் கிடந்தது. 2011-இல் போர் போட்டபோது, "குழி தோண்டி அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று மாட்டியவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் கொட்டிய சந்தோஷத்தில் நானும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. எர்த் குறியீட்டைக் கரும்பலகையில் ஆயிரம் முறை வரைந்தவன், என் வீட்டு எர்த் எங்கே முடிகிறது என்று ஒரு முறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? எர்த் இல்லாவிட்டாலும் மோட்டார் ஓடும், தண்ணீர் வரும். கசிவு ஏற்படும் நாள் வரைக்கும் அதன் குறை வெளியே தெரியாது. தண்ணீர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். பாதுகாப்பு வேலை முடிந்ததா என்பதைத் தண்ணீர் சொல்லாது.

ஒரு சின்னக் கணக்கு. நனைந்த உடம்பின் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்க இது போதும். ஆனால் எங்கள் வீட்டில் இருந்த 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே அல்ல. அது ஒயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. வேண்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபட்டால், கண் இமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும். எர்த்தும் சரியாக இருந்தால், மனிதக் கை படுவதற்கு முன்பே, கசிவு தொடங்கியதுமே விழுந்துவிடும்.

மோட்டாரையும் மெக்கர் வைத்துப் பார்த்தான். காயிலின் இன்சுலேஷன் தளர்ந்திருந்தது. மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த ஒரு நாள் வேலை எனக்கு ஒரு பாடமாக இருந்தது.

முதலில் அண்ணாந்து பார்த்தான். பழைய குழாய் ஒவ்வொன்றும் 20 அடி நீள இரும்பு. மொத்தம் 15. காம்பவுண்டை ஒட்டி மின்கம்பி போகிறது. "குழாயைத் தூக்கி நிமிர்த்தும்போது மேல கம்பியில பட்டு செத்தவங்க நிறைய சார். எல்லாரும் குழியைத்தான் பாப்பாங்க, வானத்தைப் பாக்க மாட்டாங்க." மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகுதான் முதல் குழாயைக் கழற்றினான்.

போரின் ஆழம் 340 அடி. புது மோட்டாரை 300 அடியில் நிறுத்தினான். அடியில் சேரும் சேறும் மணலும் மோட்டாருக்குள் போகக் கூடாது. நீர் நிரப்பும் வகை மோட்டார் என்பதால் இறக்கும் முன் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்பினான். கேபிள் ஜாயிண்ட்டுக்கு ரப்பர் டேப், அதன் மேல் இன்னொரு டேப் என்று பொறுமையாகச் சுற்றி, அந்த ஜாயிண்ட்டை ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடியும் மெக்கர் வைத்துப் பார்த்தான். மேலே பார்க்க முடிந்ததை 300 அடிக்குக் கீழே போன பிறகு பார்க்க முடியாதல்லவா?

இரும்புக் குழாய்க்குப் பதில் கருப்பு ஓஸ் போட்டோம். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மோட்டாருக்குப் போகும் பட்டை கேபிளில் மூன்று கம்பிதான். எர்த்துக்கு அதில் இடமில்லை. இரும்புக் குழாய் இருந்தவரை அது வழியாகவாவது மோட்டார் உடம்புக்கு ஒரு தொடர்பு இருந்தது. ஓஸில் அதுவும் கிடையாது. அதனால் தனியாக ஒரு எர்த் ஒயரை மோட்டார் உடம்பில் போல்ட் போட்டுக் கூடவே இறக்கினான். எடையைத் தாங்க நைலான் கயிறு. கேபிளைப் பிடித்து மோட்டாரைத் தூக்கவோ இறக்கவோ அவன் ஆட்களை அனுமதிக்கவே இல்லை.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒரு மணி நேர இடைவேளைதான். அதற்கும் கேசிங் பைப்பின் மேல் இரும்பு மூடியைப் போட்டு போல்ட்டை முறுக்கினான். "நம்ம வீட்டுல சின்னப் பிள்ளைங்க யாருமில்லையேடா" என்றேன். "நடுக்காட்டுப்பட்டி நம்ம மாவட்டம்தான் சார்" என்றான். மணப்பாறை பக்கம் 2019 அக்டோபரில் மூடாத போரில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாடே நான்கு நாள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்ததே, அதைச் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. தீபாவளிக்கு என் பேத்தி வருவதாக இருந்தது.

சாயங்காலம் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, பச்சை ஒயரை என் கண் முன்னால் முறுக்கினான். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை என்னையே அழுத்தச் சொன்னான். டக்கென்று விழுந்தது. குழிக்கும் கருவிக்கும் சேர்த்து ஆன செலவு புது மோட்டார் விலையில் ஒரு சிறு பங்குதான். அதைத்தான் 2011-இல் தள்ளிப்போட்டேன்.

பழைய வாத்தியார் புத்தி போகுமா? இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உங்களுக்கு வீட்டுப்பாடம்:

1. மோட்டார் பெட்டியிலிருந்து போகும் பச்சை ஒயர் எங்கே முடிகிறது? கையால் தொடாமல், கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

2. உங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? இருந்தால் மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி எறியாதீர்கள். எங்கோ கசிகிறது என்றுதான் அது சொல்கிறது.

3. ஸ்டார்ட்டர் பெட்டி மழை படாத இடத்தில் இருக்கிறதா? அதன் கீழே நிற்க உலர்ந்த பலகையோ ரப்பர் பாயோ போட்டிருக்கிறீர்களா?

4. ஓடுகிற போரோ கைவிட்ட போரோ, வாய் இறுக்கமாக மூடியிருக்கிறதா? சாக்கும் கல்லும் மூடி ஆகாது.

5. பழுது பார்ப்பதை நீங்களே செய்யாதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள்.

கிளம்பும்போது பியூஸ் கட்டையை என் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்க சார்" என்றான். போட்டேன். அம்மா உலர்ந்த கையோடு, செருப்பு போட்டுக்கொண்டு, பலகை மேல் நின்று பட்டனை அழுத்தினாள். இன்றுவரை அப்படித்தான் அழுத்துகிறாள்.

செய்து முடித்தவர்கள் கீழே எழுதுங்கள். எழுதாதவர்களுக்கு நானே போன் செய்வேன்.

அன்புடன்,
உங்கள் சார்