போறணை இல்லாத வீட்டு நத்தார்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்பவர்களுக்கு டிசம்பர் மாதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மழைதான். வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில், ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி நிரம்பித் தளும்பும். தாழ்ந்த வீதிகளும் வயல்களும் நீருக்குள் போகும். முகத்துவாரத்தை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடவேண்டும் என்ற பேச்சு எழும். உலர்ந்த விறகு கிடைப்பதே அரிதாகிவிடும் அந்த நாட்களில்தான் நத்தார் பண்டிகை வருகிறது.

நத்தார் ஒன்றுகூடலுக்குப் பிள்ளைகளே செய்யக்கூடிய இலகுவான இனிப்புப் பண்டம் ஏதும் உண்டா என்று, புலம்பெயர்ந்து வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். போறணையில் வேகவைக்கும் வேலை இருக்கக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. செய்முறையைக் கீழே தருகிறேன். அதற்கு முன்னர், இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் நீண்டதொரு வரலாறு இருப்பதைச் சொல்லவேண்டும்.

நத்தார் என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து எமக்கு வந்தது. பாண், போறணை, விசுக்கோத்து, குசினி ஆகியனவும் அவ்வழியில் வந்தவையே. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றிப் போர்த்துக்கேயரை வெளியேற்றினர். ஆனால் அவர்களுடைய சொற்களை யாராலும் வெளியேற்ற முடியவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரின் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை இன்றும் முதியவர்கள் பேசுகிறார்கள். போறணை என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்கியபோதிலும், போறணை என்ற பொருள் மட்டும் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழையவில்லை. அது பாண் சுடும் வெதுப்பகத்திலேயே தங்கிவிட்டது.

நத்தார் கேக் செய்பவர்கள் கலவையைத் தட்டத்தில் ஊற்றி, அதைச் சுட்டுத் தருமாறு வெதுப்பகத்துக்குக் கொண்டு செல்வார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் பெரிய பானைக்குள் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டத்தை வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டிக் காத்திருப்பார்கள். மேலே கருகி உள்ளே வேகாமல் போன கேக்குகளின் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்றேனும் இருக்கும்.

ஞாயிறு இதழொன்றின் மகளிர் பக்கத்துக்குப் பொறுப்பாக நான் கொழும்பில் பணியாற்றிய ஆண்டுகளில், டிசம்பர் பிறந்ததும் கேக் செய்முறை ஒன்றை வெளியிடுவது மாறாத வழக்கமாக இருந்தது. ரவை, கஜு, பூசணித் தோசி, பன்னீர், பிராந்தி என்று நீளும் பட்டியல் அது. சில செய்முறைகளில் 25 முட்டைகளின் மஞ்சட்கருவும் வேண்டும். ஒருமுறை ஊருக்குச் சென்றிருந்தபோது அயலில் வாழ்ந்த கத்தோலிக்க மூதாட்டி ஒருவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "ஏன் மனே, போறணை இல்லாத ஊட்டுக்கு நத்தார் வராதோ?"

அதை ஏழ்மையின் குரலாக மட்டுமே சிலர் எடுத்துக்கொள்வார்கள். அவர் அடுத்துச் சொன்னதில் வேறொரு விடயம் இருந்தது. அப்படியே கேக் சுட்டாலும் அதை அயலில் யாருக்குக் கொடுப்பது என்பதே அவருடைய கவலை. ஒரு பக்கத்து வீட்டில் பிள்ளையார் கதை விரதம், அது முடியத் திருவெம்பாவை. முட்டையும் மச்சம் என்பதால் அவர்கள் தொடமாட்டார்கள். சற்றுத் தள்ளி வாழும் முஸ்லிம் குடும்பத்துக்குப் பிராந்தி கலந்த பண்டத்தைக் கொடுக்கக்கூடாது. ஊரே கூடிக் கொண்டாடும் நாளில் தான் செய்த பண்டத்தைத் தன் வீட்டாரே தின்று தீர்க்க வேண்டும் என்றால், அது என்ன நத்தார் என்பது அவருடைய வாதம்.

மட்டக்களப்பின் வாழ்வை அறிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் கனம் விளங்கும். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து அமைந்த கரையோரம் இது. பொங்கலுக்குப் பொங்கல் தட்டும், பெருநாளைக்குத் தொதலும் மஸ்கட்டும், நத்தாருக்குப் பலகாரத் தட்டும் வேலியைத் தாண்டிப் போய்வந்தன. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பியனுப்புவது வழக்கமில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். அவ்வாறான ஊரில் ஒரு பண்டம் சிறந்ததா என்பதை அதன் சுவை மட்டும் தீர்மானிப்பதில்லை. அத்தட்டு எத்தனை வீடுகளின் வாசலைத் தாண்டி உள்ளே போகக்கூடியது என்பதும் ஓர் அளவுகோலாகிறது.

அந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது, நான் கண்டவரையில், ரின்பால் உருண்டைதான்.

250 கிராம் மாரி விசுக்கோத்தை ஒரு துணிப் பைக்குள் இட்டு, போத்தலால் உருட்டித் தூளாக்க வேண்டும். பிள்ளைகள் மிக விரும்பிச் செய்யும் வேலை இது. மா போல அரைபட வேண்டியதில்லை. சிறு குறுணிகள் இருந்தால் கடிக்க நன்றாக இருக்கும். அத்துடன் ஒரு கோப்பை உலர் தேங்காய்ப்பூவும் மூன்று மேசைக்கரண்டி கொக்கோத் தூளும் கலந்து, ஏறத்தாழ 390 கிராம் நிறையுள்ள ஒரு ரின் இனிப்பூட்டிய கட்டிப்பாலை ஊற்றிப் பிசைய வேண்டும். பாலை ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நல்லது. மாரிகாலத்தில் விசுக்கோத்து காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அப்போது முழு ரின்னும் தேவைப்படாது. கலவை அரை மணி நேரம் இருந்து இறுகிய பின், கையில் சிறிது பட்டர் தடவி, நெல்லிக்காய் அளவில் உருட்டி, தேங்காய்ப்பூவில் புரட்டி எடுத்தால் முடிந்தது. கஜு இருந்தால் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஒரு பாதியை வைக்கலாம்.

புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூவைச் சேர்ப்பதானால் ஓர் எச்சரிக்கை. அதன் ஈரத்தால் உருண்டை மறுநாளே புளிக்கத் தொடங்கும். உடனே உண்பதற்கு மட்டுமே அது ஏற்றது. உலர்ந்த பூ என்றால் காற்றுப் புகாத டப்பாவில் சில நாட்கள் தாங்கும்.

இலங்கை எங்கும் புகழ்பெற்ற சொக்லேட் விசுக்கோத்துப் புடிங்கும் போறணை வேண்டாத பண்டமே. பட்டரையும் ஐசிங் சீனியையும் கொக்கோவையும் நன்றாக அடித்து, பாலில் தோய்த்தெடுத்த விசுக்கோத்துகளுக்கிடையே அடுக்கடுக்காகப் பூசி, மேலே வறுத்த கஜுவைத் தூவி, ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் போதும். ஆனால் அதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். எழுவான்கரையில் உள்ளவர்களுக்கு இது பெரிய விடயமாகத் தோன்றாது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில், போர்க்காலம் முழுவதும் மின்சாரம் எட்டாத கிராமங்கள் பல இருந்தன. அங்கே ஒரு பண்டம் செல்லவேண்டுமானால் தோணியிலும் சைக்கிளிலும் பயணம் செய்து, உருகாமல் போய்ச் சேரவேண்டும். ரின்பால் உருண்டை போய்ச் சேர்ந்தது.

மூன்றாவதாகக் கடற்பாசியைச் சொல்லலாம். நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் பண்டம் இது. அடுப்பில் நீரோடு கொதிக்கவைத்து முற்றாகக் கரைத்து, சீனியும் பாலும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால், குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே இறுகிவிடும். கடையில் வாங்கும் ஜெலி, மார்ஷ்மெலோ ஆகியவற்றில் பெரும்பாலும் ஜெலற்றின் உண்டு. அது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படுவது. ஹலால் பார்ப்பவர்களுக்கும் மரக்கறி உணவுக்காரருக்கும் அது ஒத்துவராமல் போகலாம். கடற்பாசியில் அந்தத் தொல்லை இல்லை.

இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாக நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் நத்தார் என்பது எளிதாகக் கொண்டாடக்கூடிய பண்டிகையாக நெடுங்காலம் இருக்கவில்லை.

2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் காலையில் கடல் வந்தது. டச்பார் கரையோரத்தில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பலவற்றை அது கொண்டுபோனது. முதல்நாள் செய்த பலகாரங்கள் தட்டுகளில் மீதமிருந்த வீடுகள் அவை. அடுத்த ஆண்டு, 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது, புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் ஒரு பத்திரிகையாளர். அவ்வாண்டுகளில் ஒன்றுகூடல் என்ற சொல்லை உச்சரிக்கவே எவருக்கும் மனம் வரவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. உயிரிழந்தவர்களிற் பலர் சிறுவர்கள். அன்றைய தாக்குதல்களை நடத்திய குழுவின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பதால், அவ்வூர் மக்கள் அனைவர் மீதும் சந்தேகம் கவிந்தது. கடைகளுக்குப் போவதை நிறுத்தினார்கள். ஒரே வீதியில் வாழ்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலியைத் தாண்டிய தட்டுகள் நின்றன.

அவ்வாண்டு டிசம்பரில், எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் தமது வீட்டில் அயல் பிள்ளைகளைக் கூட்டிச் சிறிய ஒன்றுகூடல் ஒன்றை நடத்தினார். கேக் செய்யவில்லை. பிள்ளைகளே விசுக்கோத்தை நொறுக்கி, உருண்டை உருட்டினார்கள். மாலையில் ஒரு தட்டை மூடி, முன்பு எப்போதும் அனுப்பும் முஸ்லிம் வீட்டுக்கு அனுப்பினார். வீட்டார் சிலருக்கு அதில் விருப்பமில்லை. "இதில் முட்டையில்லை, சாராயமில்லை, ஜெலற்றினில்லை. அவர்கள் மறுக்க இதில் ஒரு காரணமும் இல்லை. கொடுக்காமல் இருக்க எங்களுக்கும் ஒரு காரணமும் இல்லை" என்று அவர் சொன்னாராம். தட்டை அங்கே வாங்கிக்கொண்டார்கள், ஆனால் உடனே திருப்பித் தரவில்லை. நோன்புப் பெருநாள் 2020இல் ஊரடங்குக்குள் கழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் வந்தபோதுதான் அந்தத் தட்டு திரும்பி வந்தது. அதில் கடற்பாசி இருந்தது.

ஓர் உருண்டையால் இனங்களுக்கிடையே நல்லிணக்கம் பிறந்துவிட்டது என்று எழுத நான் முற்படவில்லை. அரசியலும் நீதியும் தீர்க்கவேண்டிய கணக்குகளை இனிப்புப் பண்டத்தால் தீர்க்க முடியாது. ஆயினும் ஒரு தட்டு போய்வரும் வழி அடைபட்டிருக்கும் வீதியில், வேறு எதுவும் போய்வரப் போவதில்லை என்பதைப் பல ஆண்டுகள் செய்தி எழுதியவன் என்ற முறையில் அறிவேன்.

2021 நத்தார் காலத்தில் இலங்கையெங்கும் சமையல் எரிவாயுச் சிலிண்டர்களும் அடுப்புகளும் வெடித்த செய்திகள் நாளுக்கு நாள் வந்தன. அடுப்பை மூட்டவே மக்கள் அஞ்சினார்கள். பால்மாவுக்கு வரிசையில் நின்றார்கள். வசதியுள்ளவர்களின் வீட்டுப் போறணைகளும் அவ்வாண்டு குளிர்ந்து கிடந்தன. மூதாட்டியின் கேள்வியை அப்போது ஊர் முழுவதுமே கேட்டது எனலாம்.

இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர் வீடுகளில் போறணை இல்லாத குசினி இல்லை. அங்கே இந்த உருண்டையைச் செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளையின் வகுப்பிலும் மாடிக்குடியிருப்பிலும் எங்கள் வீதியில் இருந்ததைவிடப் பலவகை மக்கள் இருப்பார்கள். எனவே ஒன்றுகூடலுக்கு எதைச் செய்யலாம் என்று தேடுவதற்கு முன்னர், யார் யார் வரப்போகிறார்கள், அவர்கள் எதை உண்ணமாட்டார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். கஜு, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் வருவார்களானால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பிறகு விசுக்கோத்தை நொறுக்கும் வேலையை அந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.