துண்டில் விழுந்த நூறு ரூபாய்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ஊட்டி டூர் பற்றி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதினேன். மனசு போகவில்லை. 2025 மே மாதம் இன்-பிளாண்ட் ட்ரெயினிங்கில் நான் பார்த்ததை எழுதாமல் வேறு எதை எழுதினாலும் அது பொய்யாக இருக்கும் என்று தோன்றியது. ஆகவே நகைச்சுவை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டு, முடிந்தால் திரும்பி வாருங்கள்.

எனக்கு ட்ரெயினிங் கிடைத்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப். முப்பது, நாற்பது பேர் வேலை பார்ப்பார்கள். பெரிய கம்பெனி ஒன்றுக்கு வண்டி பாகங்கள் அடித்துக் கொடுக்கும் இடம். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் 'டமார், டமார்' என்று பவர் பிரஸ் சத்தம் காதிலேயே நிற்கும். ராத்திரி படுத்த பிறகும் கேட்கும்.

இரண்டாம் நாள். செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் ராம் கீழே இறங்க வேண்டும். அதாவது, டை மூடும்போது இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கும், உள்ளே இருக்காது. எவ்வளவு எளிமையான யோசனை! ஆனால் இடது பட்டனைப் பார்த்தேன். பட்டனுக்கும் அதன் வளையத்துக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தது. பட்டன் உள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. வலது கையால் மட்டும் அழுத்தினால் போதும், இடது கை ஷீட்டை உள்ளே வைக்கவும் எடுக்கவும் சும்மா இருக்கும். பீஸ் கணக்கில் இன்சென்டிவ் ஆயிற்றே!

நண்பர்களே, நான்காம் செமஸ்டரில் மெஷின் கார்டு பற்றிப் பத்து மார்க் கேள்வி வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஃபிக்ஸட் கார்டு, இன்டர்லாக் கார்டு, ஆட்டோமேட்டிக் கார்டு என்று பென்சிலில் படம் போட்டு எழுதினேன். ஒன்பது மார்க் வந்தது. அந்த ஒன்பது மார்க் வாங்கினவன்தான் தீக்குச்சிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

சூப்பர்வைசரிடம் மெதுவாகச் சொன்னேன். "சார், அந்தப் பட்டன்ல குச்சி வச்சிருக்காங்க..." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீ ட்ரெயினிங்குக்கு வந்திருக்க. அத மட்டும் பாரு. சர்ட்டிபிகேட் வேணும்ல?"

வேணும். பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

பதினோராம் நாள், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். சத்தம் நின்றது. அந்த ஷாப்பில் சத்தம் நின்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். அண்ணனுடைய இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. பனியன் வேஸ்டை எடுத்துக் கையில் சுற்றியது நான்தான். 108-க்கு போன் பண்ணியதும் நான்தான். என் கை நடுங்கிய நடுக்கத்தில் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன்.

மறுநாள் கேட்டில் ஒருவர் துண்டை ஏந்தி நின்றார். எல்லோரும் போட்டார்கள். பக்கத்து ஷாப்காரர்கள், டீக்கடைக்காரர், லோடு ஏற்ற வந்த டிரைவர் வரைக்கும் போட்டார்கள். நம் ஜனங்களுக்கு ஈரம் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. நானும் நூறு ரூபாய் போட்டேன். மொத்தம் 6,400 ரூபாய் சேர்ந்தது. அந்த நூறு ரூபாய் துண்டில் விழும்போது என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் நாள் பேசியிருந்தால் இந்த நூறு ரூபாய் என் பையிலேயே இருந்திருக்கும், அவர் விரலும் அவர் கையிலேயே இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, நாங்கள் சரக்கு அடித்துக் கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்தார். சேஃப்டி ஆபீசர் என்றால் கத்துவார், ஹெல்மெட் போடச் சொல்வார், போர்டு மாட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் கத்தவே இல்லை. ஸ்டூலைப் போட்டு அந்த மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு பீஸுக்கு எத்தனை வினாடி, ஷீட் எங்கே இருக்கிறது, அடித்த பீஸ் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, "அந்தக் குச்சிய யாரெல்லாம் பாத்தீங்க?" என்று கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. நான் கையைத் தூக்கினேன். அந்த ஷாப்பில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவும் காலம் கடந்து.

அவர் செய்ததைச் சொல்கிறேன், நமக்கு உதவும். ஷீட் வைத்திருந்த ட்ரே பின்னால் தள்ளி இருந்ததால்தான் ஒரு கை எப்போதும் அதற்கே போய்க்கொண்டிருந்தது. ட்ரேயைப் பக்கத்தில் உயர்த்தி வைக்கச் சொன்னார். கையை உள்ளே விடாமல் வைக்க நீளமான இடுக்கி கொடுத்தார். முக்கியமாக, வயரிங்கை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு மறுபடி சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் ஓடும். ஒரு பட்டன் மாட்டிக்கொண்டு நின்றால் ஓடாது. அதன் பிறகு தீக்குச்சி வைத்து என்ன பயன்? என் ட்ரெயினிங் முடிவதற்குள் பீஸ் கணக்கு ஏறக்குறைய பழைய அளவுக்கே வந்துவிட்டது.

டீக்கடையில் அவரோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தது. "சார், நீங்க பி.ஈ.யா?" என்றேன். சிரித்தார். "நானும் உன்ன மாதிரி டி.எம்.ஈ.தாம்பா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவர் சொன்னதையும், நான் வந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976-இல் ஒரு திருத்தம் வந்தது. ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் வைக்க வேண்டும் என்றது அது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானவர்கள் மாண்ட பிறகு, 1987-இல் ஆபத்தான தொழில்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. அதில் ஆயிரம் என்பது 500 ஆகிவிட்டது. ஆபத்தான தொழில் என்றால் 250 பேர், கட்டுமான வேலைக்கும் 250 பேர். அப்படியென்றால் இன்னும் நிறைய பாதுகாப்பு அலுவலர்கள் வேண்டும் என்றுதானே அர்த்தம்?

யார் ஆகலாம்? பழைய சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் எழுதியிருந்ததைப் பாருங்கள். பொறியியல் டிகிரி என்றால் ஆலையில் இரண்டு வருட மேற்பார்வை அனுபவம். நம்மைப் போல டிப்ளமோ என்றால் ஐந்து வருடம். அதோடு தொழிற் பாதுகாப்பில் ஒரு பட்டயம். மூன்றாவதாக ஒரு தகுதி உண்டு, அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே வேலை செய்யும் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும்! இன்டர்வியூவில் இங்கிலீஷ் வராமல் வியர்த்துப்போகும் நண்பர்களே, நம்ம தமிழைத் தகுதி என்று கேட்கிற உத்தியோகம் இது ஒன்று. செய்யாற்று அண்ணனிடம் செய்யாற்று அண்ணன் பேச்சில் பேசத் தெரிந்தவன்தான் அங்கே வேண்டும்.

அந்தப் பட்டயப் படிப்பு சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையத்தில் இருக்கிறது. ஒரு வருடம். அங்கேதான் சிக்கல். ஐந்து வருடம் வேலை பார்த்தவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், கைக்குழந்தை இருக்கும், ஊரில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும். ஃபீஸைக்கூட எப்படியாவது புரட்டிவிடலாம். ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் எப்படி இருப்பது? படிக்கும் ஆசையும் மூளையும் உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

"நீங்க எப்படி சார் படிச்சீங்க?" என்றேன்.

அவர் முதலில் வேலை பார்த்த பட்டறை முதலாளிக்குக் கட்டைவிரலில் பாதி கிடையாதாம். இளவயதில் பிரஸ்ஸில் போனது. அந்தப் பெரியவர்தான் ஃபீஸ் கட்டினாராம். மாதாமாதம் வீட்டு வாடகையும் அரிசியும் அனுப்பினாராம். ஒரே ஒரு நிபந்தனை. "எனக்குத் திருப்பித் தராதே. நீ சம்பாதிக்கிறப்போ இன்னொருத்தன இதே படிப்பு படிக்க வை." இவர் இதுவரை இரண்டு பேரைப் படிக்க வைத்திருக்கிறார். அந்தப் பெரியவருக்கு எத்தனை விரல் மிஞ்சியது என்று யார் கணக்குப் போட முடியும்?

இது நம் ஊரில் மட்டும் தோன்றிய எண்ணம் அல்ல. 1911 மார்ச் 25-இல் நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நம் வயதுப் பெண்கள். ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. அதே ஆண்டு அந்த நாட்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று அமெரிக்கப் பாதுகாப்பு வல்லுநர் சங்கம் என்று பெயர். அந்தச் சங்கம் 1990-இல் ஒரு அறக்கட்டளை அமைத்து, பாதுகாப்புப் படிப்புக்கென்றே மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வருகிறது. தொழிலில் இருப்பவர்களும் கம்பெனிகளும் அதற்குப் பணம் தருகிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் சின்ன அளவிலாவது முடியாதா?

உலகத் தொழிலாளர் நிறுவனம் 2023-இல் சொன்ன கணக்குப்படி, வேலையால் வரும் விபத்திலும் நோயிலும் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேர் இறக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினத்தன்று நாமும் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு உறுதிமொழி எடுக்கிறோம். சாயங்காலம் பேட்ஜைக் கழற்றிவிடுகிறோம்.

ஆகவே இந்த வருடம் மாணவர் பேரவைக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன். போன வருடம் மலர் விளம்பரப் பணத்தில் அச்சுக்கூலி போக 18,000 ரூபாய் மிஞ்சியது. அது ஃபேர்வெல் பிரியாணியாகிவிட்டது. (நானும் இரண்டு பிளேட் சாப்பிட்டேன், மறைக்க மாட்டேன்.) இந்த வருடம் மிஞ்சுவதைத் தனியாகப் போட்டு வைத்து, நம்ம பாலிடெக்னிக்கில் படித்துவிட்டு ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு சீனியரைப் பாதுகாப்புப் பட்டயம் படிக்க வைக்கலாம் என்றேன்.

சும்மா விட்டார்களா? "அடேய், சின்னப் பட்டறையில சேஃப்டி ஆபீசர் வைக்கணும்னு சட்டமே கேக்கல. எதுக்கு இந்தப் படிப்பு?" என்று எலக்ட்ரிகல் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் சின்னப் பட்டறைக்கு வந்து ட்ரேயை நகர்த்தியவர் பெரிய கம்பெனி ஆபீசர்தானே? அவர் ஒருவர் போய்ப் பார்க்கும் சின்னப் பட்டறைகள் எத்தனையோ! இன்னொருவன், "உனக்கே வாங்கிக்கப் பாக்குறியா?" என்றான். எனக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும் தம்பி, நான் வரிசையில் நிற்கவே இன்னும் நாள் இருக்கிறது!

கடைசியில் பாதிப் பணம் இதற்கு, பாதி பிரியாணிக்கு என்று தீர்மானமாயிற்று. துணை முதல்வர் பெயரிலும் பேரவைத் தலைவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு. பாதிப் பணம் ஒருவருடைய ஒரு வருடத்துக்கு எந்த மூலைக்கு? அதனால்தான் இந்தக் கட்டுரை. இறுதியாண்டு நண்பர்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் ஒரு தொடக்கம். வேலைக்குப் போன பிறகு, முதல் மாதச் சம்பளத்தில் மறக்காமல் ஏதாவது அனுப்பினால் ஒரு சீனியர் தைரியமாக லீவு லெட்டர் எழுதுவார்.

பொங்கலுக்குச் செய்யாற்று அண்ணனுக்குப் போன் செய்தேன். இப்போது அதே ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் மாற்றியிருக்கிறார்களாம். பேசி முடிக்கும்போது, "நான் பாத்தும் சத்தம் போடாம விட்டுட்டேண்ணே, மன்னிச்சிடுங்க" என்று ஒருவழியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீ ஒருத்தன்தான் தம்பி வாயத் தொறந்து கேட்ட. உன் பேச்சு எடுபடல, அவ்ளோதான்" என்றார்.

எடுபடும்படி பேசக்கூடிய ஒருவரை உண்டாக்கத்தான் கேட்கிறேன், நண்பர்களே. பேரவை அறையில் மேஜை மேல் ஒரு உண்டியல் வைத்திருக்கிறோம். விபத்து நடந்த மறுநாள் துண்டு வந்தால் நீங்கள் யாருமே இல்லை என்று சொல்ல மாட்டீர்கள், எனக்குத் தெரியும். இந்தத் தடவை துண்டு கொஞ்சம் முன்னாடியே வருகிறது.

— இறுதியாண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை