முறுக்கிய துண்டு

நெகிரி செம்பிலானில் பகாவ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்றுகொண்டிருந்த 1974ஆம் ஆண்டு, தீபாவளி விடுமுறைக்கு வீடு சென்றபோது, தோட்டத்து இளைஞர்கள் என்னைக் கோயில் மண்டபத்தில் பேச அழைத்தனர். ‘பால்மரமும் ஆராய்ச்சியும்’ என்பது தலைப்பு. பெருமிதத்தோடு ஒப்புக்கொண்டேன்.

புறப்பட்டை, உட்பட்டை, வளர்திசு, பாற்குழல் எனக் கலைச்சொற்களை அடுக்கினேன். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஹென்றி ரிட்லி 1890களில் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டதையும், 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியதையும் ஆண்டு பிசகாமல் ஒப்பித்தேன். அரைமணி நேரத்தில் குழந்தைகள் உறங்கிவிட்டனர். பெரியவர்கள் மரியாதைக்காக விழித்திருந்தனர். ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கிவிட்டாலே கருத்தும் எளிமையாகிவிடும் என அந்நாளில் நான் நம்பியிருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா எழுந்தார். “தம்பி, இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் சரிச்சுத்தான் வெட்டணும்னு மண்டோர் சொல்வாரு. மாத்தி வெட்டினா ஏச்சு. ஏன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. உன் தாள்ல இருக்கா?”

இருந்தது. மூன்றாம் பக்கத்தில், ஒருவருக்கும் விளங்காத வாக்கியமாக இருந்தது.

தாளை வைத்துவிட்டு, ஒருவரிடம் துண்டை வாங்கி முறுக்கித் தூக்கிப் பிடித்தேன். மடிப்புகள் மேலே செல்லச் செல்ல வலப்புறம் சாய்ந்தன. “பட்டைக்குள் பாற்குழல்களும் இப்படித்தான் சாய்ந்து ஏறுகின்றன. நீங்கள் வெட்டும் முறையில் கத்தி அவற்றின் குறுக்கே போகிறது. அதிகக் குழல்கள் அறுபடுகின்றன. மாற்றி வெட்டினால் அவற்றின் போக்கோடு போய்விடும், பால் குறையும்” என்றேன். மரத்தில் அச்சாய்வு மூன்று நான்கு பாகையே; துண்டு அதை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்பதையும் மறைக்கவில்லை.

பிறகு உறங்கியவர் எவருமில்லை. விடியுமுன் வெட்டினால் பால் மிகுவது ஏன் என ஒருவர் வினவினார். இரவில் மரம் நீர் நிறைந்து குழல்களில் அழுத்தம் கூடும். வெயிலேற இலைகள் நீரை இழக்க, அழுத்தம் தணியும் என்றேன். “அதான் இருட்டுலயே பிரட்டு” என்று அவரே முடித்தார்.

காயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கத்தி ஆழ்ந்து கட்டையில் பட்டால் கூலியில் பிடித்தம் என்பது எங்கள் லயத்தில் அறியாதாரில்லை. என் தாயாரும் அதற்காக அழுதிருக்கிறார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே தாளினும் மெல்லிய வளர்திசு உண்டு, புதுப்பட்டையைத் தருவது அதுதான் என்று சொல்லி, என் நகத்தைக் காட்டினேன். “நகம் போனால் முளைக்கும், அடிச்சதை கெட்டால் கோணலாகத்தானே முளைக்கும்?”

பெரியம்மா தம் விரல்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதெல்லாம் எப்பத் தம்பி கண்டுபிடிச்சாங்க?”

“1920களிலேயே எழுதிவிட்டார்கள், பெரியம்மா.” ஆங்கிலத்தில், துரைமார் படிக்கும் ஏடுகளில் என்று சொல்ல நா எழவில்லை.

“நான் கத்தி பிடிச்சது 1938ல” என்று சொல்லி அமர்ந்துவிட்டார்.